சென்னை மாடியில் போன்சாய்: எந்த மாதம் எதைச் செய்வது?

தாம்பரத்தில் மொட்டை மாடியில் நான்கு போன்சாய் வைத்திருக்கிறீர்கள்: ஓர் ஆல், ஒரு புளி, ஒரு காகிதப்பூ, ஜூனிபர் என்ற ஊசியிலை மரம் ஒன்று. மரம் ஓய்வில் இருக்கும்போதுதான் வேரை வெட்ட வேண்டும் என்று ஜப்பானிய மாத அட்டவணை ஒன்றில் படித்து, டிசம்பரில் ஆலுக்கு மண் மாற்றினீர்கள். மூன்று வாரத்தில் இலை முழுவதும் கொட்டிவிட்டது. ஜூனிபர் அதற்கு முன்பே பழுப்பாகிவிட்டது. அந்த அட்டவணையை நம் மாதங்களுக்கு எப்படி மாற்றிக்கொள்வது, ஊரில் இருக்கும் போன்சாய் கிளப்பில் சேர்ந்தால் பயனுண்டா, சந்தா தண்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாதப் பெயர்களை மாற்றி எழுதித் தீர்க்கிற விஷயம் அல்ல இது. குளிரே வராத ஊரில் மரத்தின் வளர்ச்சி எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது. கிளப் பற்றிய கேள்விக்கும் விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் அந்த அட்டவணை எங்கே பிறந்தது என்று பாருங்கள். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவிலிருந்து கிளம்பிய போன்சாய் தொழிலாளர்கள் 1925-இல் டோக்கியோவுக்கு வடக்கே உள்ள ஓமியாவில் குடியேறினார்கள். அங்கே குளிர்கால இரவுகளில் தண்ணீர் உறையும். மேப்பிள் இலையெல்லாம் உதிர்த்து, சேர்த்துவைத்த மாவுச்சத்தை வேரிலும் தண்டிலும் வைத்துக்கொண்டு தூங்கும். மார்ச்சில் மொட்டு பருக்கும்போது வேரை வெட்டினால், அந்தச் சேமிப்பு முழுவதும் புது வேருக்கும் புது இலைக்கும் போகும். டோக்கியோவில் 1934 முதல் நடந்துவரும் கொகுஃபு போன்சாய் கண்காட்சியைப் பிப்ரவரியில் வைப்பதற்கும் இதே கணக்கு ஒத்துவருகிறது: இலை இல்லாத மரத்தில் கிளை நுனி வரை நுணுக்கம் தெரியும். மொத்த அட்டவணையும் குளிர் என்ற ஒரே ஆணியில் தொங்குகிறது. சென்னையில் ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஆலையோ புளியையோ தூங்கவைக்க அது போதாது. இங்கே மரத்தை நிறுத்துவதும் ஓட்டுவதும் தண்ணீரும் வெயிலும்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிற ஊரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மேகம் மூடிக் கிடக்கும் அந்த வாரங்களில் ஆல் தூங்குவதில்லை. வெளிச்சம் போதாமல் பட்டினி கிடக்கிறது. தூங்குகிற மரத்துக்குக் கையில் சேமிப்பு உண்டு, பட்டினி கிடக்கும் மரத்துக்கு அது கரைந்துகொண்டே இருக்கும். நீங்கள் டிசம்பரில் செய்த தவறு இதுதான். வெட்டிய வேர் ஆற வெப்பம் வேண்டும், இலை சமைக்க வெளிச்சம் வேண்டும். இரண்டும் இல்லாமல் ஈரம் மட்டும் இருந்தது.

ஆல் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். நுனிக் கிளையில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்து பால் கசிந்தால் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்து பாருங்கள். பச்சை தெரியும் இடம் வரை நம்பிக்கை உண்டு. இப்போது செய்ய வேண்டியவை மிகக் குறைவு: மழை நேராகப் படாத, ஆனால் நல்ல வெளிச்சம் உள்ள இடத்தில் வையுங்கள். மேல்மண் ஒரு விரல்கணு ஆழம் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். இலையில்லாத மரம் தண்ணீரை இறைக்காது. உரம் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். ‘மண் சரியில்லையோ’ என்று திரும்பவும் பிடுங்கிப் பார்ப்பதுதான் பெரும்பாலும் இந்த மரங்களைக் கொல்லும் கடைசி அடி. தை பிறந்து வெயில் ஏறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தண்டிலேயே மொட்டு வெடிக்க வாய்ப்பு அதிகம். தண்டின் அடிப்பகுதி அழுத்தினால் குழைந்து, மண்ணிலிருந்து புளித்த வாடை வந்தால் மட்டும் கதை வேறு.

மண் மாற்றுவதற்கு இங்கே இரண்டு நல்ல காலம் உண்டு. ஒன்று, பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. மற்றொன்று, வெயிலின் கொதிப்பு அடங்கி மாலை மழை எட்டிப்பார்க்கும் ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை. ஆலும் அதன் இனத்தைச் சேர்ந்த இச்சியும் இரண்டிலும் தாங்கும். புளி, அரசு, வேம்பு ஆகியவை கோடைக்கு முன் இலையுதிர்த்துத் துளிர்ப்பவை. அவற்றுக்குத் தேதி பார்க்காதீர்கள், துளிர் முனை பருப்பதைப் பாருங்கள். ஜப்பானிய விதி நம் ஊரில் அப்படியே பொருந்துவது ஏறக்குறைய இந்த மூன்றுக்குத்தான். காகிதப்பூவின் வேர் கண்ணாடி போல ஒடியும். பூ முடிந்து கிளையை வெட்டிய பிறகு, ஜூலை வாக்கில், வேர்க்கட்டியின் ஓரத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்காமல் மாற்றுங்கள், மண்ணை முழுவதும் உதறி வேரை அம்மணமாக்க வேண்டாம். அடினியம் (பாலைவன ரோஜா) வாங்கும் எண்ணம் இருந்தால், அதற்கு மாசி பங்குனிதான் உகந்தது: வேர் வெட்டியபின் ஐந்தாறு நாள் நிழலில் காயவைத்து, உலர்ந்த மண்ணில் நட்டு, ஒரு வாரம் கழித்தே தண்ணீர். மழைக்காலத்தில் அதன் வேரைத் தொட்டால் கிழங்கு அழுகும்.

எப்போது மாற்றுவது என்பதைவிட எதில் நடுவது என்பதில்தான் சென்னை மரங்கள் அதிகம் போகின்றன. நர்சரியில் வாங்கும் மரம் பெரும்பாலும் செம்மண்ணும் சாணமும் கலந்த மண்ணில் வரும். பத்து அங்குலத் தொட்டியில் அது ஓடும், இரண்டரை அங்குலத் தட்டில் ஓடாது. காரணம் எளிது. ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கவைத்துப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நிமிர்த்துங்கள், மறுபடி தண்ணீர் வடியும். மண்ணும் இப்படித்தான்: எந்தத் தொட்டியாக இருந்தாலும் அடியில் ஓர் உயரம் வரை தண்ணீர் வடியாமல் தங்கும், அந்த உயரத்தை மண்துகளின் அளவுதான் தீர்மானிக்கிறது. துகள் பொடியானால் அந்த ஈர அடுக்கு உயரும். ஆழமில்லாத தட்டில் அது வேர் முழுவதையும் மூழ்கடித்துவிடும். அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் தப்பு. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேல் ஏறி உட்காரும், வேருக்கு இடம் குறையும், அவ்வளவுதான்.

ஜப்பானிலிருந்து வரும் அகதாமா மண் இங்கே விலைக்குக் கட்டாது, தேவையும் இல்லை. நன்கு வெந்த செங்கல் போதும். வேகாத செங்கல் ஓர் ஆண்டில் கரைந்து சேறாகும். எனவே ஒரு துண்டை இரவெல்லாம் ஊறவைத்துக் காலையில் விரலால் நசுக்கிப் பாருங்கள், நொறுங்கினால் அந்தச் செங்கல்லை விட்டுவிடுங்கள். உடைத்ததை இரண்டு சல்லடையில் சலித்து, 3 முதல் 6 மி.மீ. வரை உள்ளதை மட்டும் எடுங்கள். அடியில் விழும் தூளைச் செடித்தொட்டிக்குக்கூடப் போட வேண்டாம். ஆலுக்கும் இச்சிக்கும் பத்துப் பங்கில் ஐந்து செங்கல், இரண்டு பருமணல் அல்லது பொடிஜல்லி, இரண்டு நன்கு மக்கிய இலைமட்கு, ஒன்று கோகோபீட் (தென்னைநார்த் தூள்). புளிக்கும் காகிதப்பூவுக்கும் கோகோபீட்டை எடுத்துவிட்டுச் செங்கல்லை ஆறாக்குங்கள். கோகோபீட்டில் உப்பு இருக்கும். மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழமுள்ள தட்டுக்கு நாலு லிட்டர் கலவை தேவைப்படும், அதற்கு இரண்டு செங்கல் உடைத்தால் சரியாக இருக்கும். வெயிலில் நாள் முழுதும் நிற்கும் மாடி என்றால் கோகோபீட்டைச் சற்றுக் கூட்டலாம். மழையை மறைக்க வழியில்லாத மாடி என்றால் குறைக்க வேண்டும். இந்த ஒரு பங்கில்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் கலவை மாறும்.

மாற்றுகிற அன்று மண் பாதி காய்ந்திருக்கட்டும், ஈர மண் வேரைப் பிய்த்துக்கொண்டு வரும். வேர்க்கட்டியின் அடியையும் ஓரத்தையும் குச்சியால் கோதி, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். வலுவான ஆலில் பாதி வரை போகலாம், ஆனால் அப்போது இலையிலும் அதே அளவு குறைக்க வேண்டும். கீழ்நோக்கிப் போகும் தடித்த வேர்களை எடுத்து, பக்கவாட்டில் பரவும் மெல்லிய வேர்களை விடுவதுதான் நோக்கம். வடிகால் துளைக்கு மேல் பிளாஸ்டிக் வலை, துளை வழியே கம்பி விட்டு வேர்க்கட்டியைத் தட்டோடு கட்ட வேண்டும். இந்தக் கட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காற்றில் மரம் ஆடினால் தலைமுடி போன்ற புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும்; ‘எல்லாம் சரியாகச் செய்தேன், பிடிக்கவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவை இங்கே முடிகின்றன. குச்சியால் குத்திக் குத்தி இடைவெளியில் கலவையை இறக்கி, அடியில் வரும் நீர் தெளியும் வரை விடுங்கள். பிறகு 50 விழுக்காடு நிழல்வலைக்குக் கீழே இரண்டு மூன்று வாரம், நாலு வாரத்துக்கு உரம் கிடையாது. இளம் ஆலுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். தண்ணீர் மேலே தேங்கி நின்று மெல்ல இறங்க ஆரம்பித்தால் ஆண்டுக் கணக்கு பாராமல் மாற்றலாம்.

கோடையில் மரத்தைக் கொல்வது காற்றின் வெப்பத்தைவிடத் தரையின் வெப்பம். மாடித் தரையில் வைத்த தட்டு மேலும் கீழுமாக வேகும். இரண்டரை மூன்று அடி உயர பெஞ்சில் ஏற்றி, மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை நிழல்வலை கிடைக்கும்படி செய்தாலே பாதி வேலை முடிந்தது. தட்டின் மேற்குப் பக்கம் கை வைக்க முடியாத அளவு சுட்டால் அந்தப் பக்க வேர் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள், ஓர் ஈரச்சாக்கைச் சுற்றுங்கள். காலை எட்டுக்குள் ஒருமுறை, மாலை ஐந்தை ஒட்டி ஒருமுறை தண்ணீர். அடித்துளையில் வடியும் வரை விட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி விடுங்கள். முதல் முறை பாதி ஓரமாக ஓடிவிடும், இரண்டாவதுதான் நடுவேருக்குப் போகும். உச்சி வெயிலில் வாடிய மரத்துக்குத் தண்ணீர் விட்டால் இலை கருகும் என்று பயப்பட வேண்டாம். கருக்குவது வெயிலில் கிடந்த குழாயில் கொதித்து நிற்கும் முதல் பக்கெட் தண்ணீர். அதை ஓட விட்டுவிட்டுப் பிடியுங்கள். போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமிருந்தால் தட்டின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டும், புது இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வரும். அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாததால் வருவதல்ல, காரத்தன்மையால் வேர் எடுக்க முடியாமல் வருவது. அந்த நிலையில் ‘இ.டி.டி.எச்.ஏ.’ என்று குறிப்பிட்ட இரும்பு உரம்தான் வேலை செய்யும். கடையில் எளிதில் கிடைக்கும் ‘இ.டி.டி.ஏ.’ வகை கார மண்ணில் நிலைக்காது. மழைநீரைப் பிடித்து மாதம் இருமுறை வடிய வடிய விடுவது இரண்டையும்விட மலிவு. சித்திரை வைகாசியில் மாவுப்பூச்சியும் வரும். எறும்பு ஏறுகிறதா என்று பார்த்தால் பூச்சிக்கு முன்பே தகவல் கிடைத்துவிடும். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயை ஒட்டும் திரவத்தோடு கலந்து மாலையில் அடியுங்கள், ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை.

வளரும் காலமான பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை தரலாம். கடலைப்புண்ணாக்கை நாலு நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு நீர் கலந்து விடுவதும் அதே பலன் தரும், வாடையைப் பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொண்டால். காகிதப்பூவுக்கு மட்டும் பூ வேண்டிய மாதத்துக்கு முன் தழைச்சத்தை நிறுத்தி, இலை லேசாகத் துவளும் வரை தண்ணீரையும் இழுத்துப்பிடிக்க வேண்டும்.

ஐப்பசி பிறந்ததும் வேலை தலைகீழாகிறது. உரத்தை நிறுத்துங்கள், எல்லா வடிகால் துளையிலும் ஒரு கம்பியை விட்டு அடைப்பு எடுங்கள், பெரிய வெட்டு எதையும் தொடாதீர்கள். அடைமழை தொடங்கும்போது ஒவ்வொரு தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியிலும் இரண்டு அங்குலக் கட்டையைக் கொடுத்துச் சாய்த்து வையுங்கள். மேலே சொன்ன ஸ்பாஞ்சை நிமிர்த்துவதும் இதுவும் ஒன்றேதான். சாய்த்த தட்டில் தங்கும் நீர் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் பெஞ்சிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, காற்று வரும் பக்கத்துக் கைப்பிடிச் சுவரின் அடியில் ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள். அப்போது மாடியின் மழைநீர்க் குழாய் அடைந்திருந்தால் தட்டுகள் குளத்தில் நிற்கும், அதை முன்கூட்டியே பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொட்டியது போல இரண்டு நாள் விடாத மழையை நல்ல கலவையிலுள்ள ஆல் தாங்கும், அடினியம் தாங்காது. அதை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். வேர் அழுகலைத் தடுக்க டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து மழைக்கு முன் மண்ணில் ஊற்றலாம். இலைப்புள்ளிக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு இரண்டரை கிராம். இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்தால் பின்னது முன்னதைக் கொன்றுவிடும், காசு வீண். மார்கழியில் செய்ய அதிகம் இல்லை: கருவிகளைத் தீட்டுவது, கம்பிகளை அவிழ்ப்பது, செங்கல் சலித்து வைப்பது.

கிளையை வளைத்து வடிவம் தரக் கம்பி கட்டுவதில் நம் ஊர்க் கணக்கு ஜப்பானியக் கணக்கை விட வேகமானது. அங்கே ஊசியிலை மரத்தில் ஓர் ஆண்டுகூடக் கம்பி நிற்கும். இங்கே ஜூலையில் ஆலில் கட்டிய அலுமினியக் கம்பி நாலு முதல் ஆறு வாரத்தில் பட்டையைக் கடித்துவிடும். வாரம் ஒருமுறை பார்த்து, அழுந்தத் தொடங்கியதும் சுற்றி அவிழ்க்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். கம்பியின் தடிமன் கிளையின் தடிமனில் மூன்றில் ஒன்று, சுற்று 45 டிகிரி. புளியின் முதிர்ந்த கிளை ஒரே வளைப்பில் முறியும், பச்சையாக இருக்கும்போதே திசை காட்டிவிட வேண்டும். இலையைச் சிறிதாக்க எல்லா இலைகளையும் கிள்ளும் முறை ஆலுக்கும் அரசுக்கும் உண்டு: காம்பை விட்டு இலைப்பரப்பை மட்டும் வெட்டுவது, ஏப்ரல் முதல் ஜூன் வரை, ஆரோக்கியமான மரத்தில் மட்டும், மண் மாற்றிய ஆண்டில் கூடவே கூடாது. நாலு முதல் ஆறு வாரத்தில் திரும்பத் துளிர்க்கும். ஆனாலும் ஆலிலை ஓரளவுக்கு மேல் சிறுக்காது. கையடக்கமான மரம் வேண்டுமென்றால் ஆலோடு மல்லுக்கட்டாமல் சிற்றிலை இச்சியை எடுப்பது புத்திசாலித்தனம். பழைய கட்டடச் சுவர்களில் இச்சியும் அரசும் தாமே முளைத்துக் கிடக்கும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு ஆடியில் எடுக்கலாம். காப்புக்காட்டில் தோண்டுவது குற்றம்.

இனி ஜூனிபர். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: ஜூனிபர் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். பழுப்பு தெரிந்த நாளில் செய்த எதுவும் அதைக் கொல்லவில்லை, காப்பாற்றியிருக்கவும் முடியாது. வேர் அதற்கு ஒரு மாதத்துக்கும் முன்பே போயிருக்கும். அதை வீட்டுக்குள் மேசைமேல் வைத்திருந்தால் வெளிச்சக்குறைவு, மாடியில் இறுகிய மண்ணோடு இருந்திருந்தால் வேர் வெந்தும் மூச்சு முட்டியும் இருக்கும். ‘குளிர் ஓய்வு இல்லாததால்தான் செத்தது’ என்று அடித்துச் சொல்பவர்களை அவ்வளவு நம்ப வேண்டாம். குளிர்ப்பகுதி வகைகளுக்கு அது பொருந்தலாம், சீன ஜூனிபரின் சில வகைகள் தைவான் போன்ற வெப்பமான இடங்களிலும் நன்றாக இருக்கின்றன. ஆனால் சென்னைக் கடலோர வெப்பத்தில் முதல் மரமாக ஜூனிபர் வாங்குவது சூதாட்டம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவருக்கு நான் இதையே சொல்ல மாட்டேன். அங்கே உங்கள் ஆல்தான் தவிக்கும்.

வெட்டுக் காயத்தில் மஞ்சள் பூசுவது, பௌர்ணமி பார்த்து வெட்டுவது, டீத்தூள் போடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். மஞ்சளால் கெடுதல் இல்லை. ஆலின் பாலே காயத்தை மூடிவிடும், ஈரத்துணியால் ஒற்றினால் போதும். கட்டைவிரலைவிடத் தடித்த வெட்டுக்கு மட்டும் ஓரம் காயாமலிருக்கப் பசை உதவும். நிலவுக் கணக்குக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. டீத்தூள் பொடியாக இருப்பதால் மேலே சொன்ன ஈர அடுக்கைக் கூட்டும், சர்க்கரை போட்டதென்றால் எறும்பையும் கூட்டும்.

கிளப் விஷயத்துக்கு வருவோம். அங்கே கிடைப்பதில் மதிப்புள்ளது சொற்பொழிவு அல்ல. உங்கள் ஊர் வெயிலையும் உங்கள் ஊர் போர் தண்ணீரையும் பத்துப் பதினைந்து ஆண்டு சமாளித்த மரங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்; எந்த அட்டவணையிலும் இல்லாத உள்ளூர்க் கணக்கு அந்த மரங்களில்தான் எழுதியிருக்கிறது. வழக்கமாக மாதம் ஒரு கூட்டம் இருக்கும். ஆளுக்கொரு மரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். முன்பக்கம் எது, எந்தக் கிளை அதிகம், வேர்ப்பரப்பு எங்கே பலவீனம் என்று சுற்றி நின்று பேசுவார்கள். முதல் சில மாதம் அது குறைசொல்லும் கூட்டமாகத் தெரியும். உங்கள் மரம் நடுவில் வரும் நாளில்தான் பயன் தெரியும். பிறகு பயிலரங்கு நாட்கள்: ஒரே நர்சரி மரத்தை ஆளுக்கு ஒன்று வாங்கி, எல்லோரும் ஒரே மேசையில் வெட்டிக் கம்பி கட்டுவது. ஒரே மாதிரி ஐந்து செடிகள் ஐந்து கைகளில் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கின்றன என்று ஒப்பிடுகிற வாய்ப்பு வீட்டில் கிடைக்காது. செங்கல் உடைத்துச் சலிப்பது, கம்பியைக் கிலோ கணக்கில் வாங்கிப் பிரிப்பது, விலை கூடிய குழிவான வெட்டுக்கத்தியை இரவல் வாங்குவது போன்ற சில்லறை லாபங்களே சந்தாவுக்கு ஈடாகிவிடும்.

கண்காட்சியும் உண்டு, அதற்குத் தயாராவது ஒரு தனிப் பயிற்சி. ஆகஸ்டில் கண்காட்சி என்றால் ஆலின் இலையை ஜூன் நடுவில் எடுத்தால் அன்றைக்குப் புது இலை முதிர்ந்து பளபளக்கும். பிப்ரவரியில் என்றால் இலையைத் தொடாதீர்கள், மார்கழி வெளிச்சத்தில் திரும்ப வராது. கம்பிகளை அவிழ்த்து, களை எடுத்து, பாசியை ஒரு மாதம் முன்பே மண்ணில் ஒட்டவைக்க வேண்டும். முந்தின நாள் ஒட்டிய பாசி முகத்தில் ஒட்டிய மீசை போலத் தெரியும். அரங்குக்குள் மூன்று நாளுக்கு மேல் மரத்தை வைக்கச் சம்மதிக்காதீர்கள். ஏசி காற்று ஈரத்தை உறிஞ்சும், வெளிச்சமும் பட்டினி. மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை உலக போன்சாய் தினம், ஜப்பானிய போன்சாய் வல்லுநர் சபுரோ காத்தோவின் நினைவாக வைத்தது. அது நமக்கு அக்னி நட்சத்திரத்தின் நடுவில் வருகிறது. அன்று விழாவாக வேர் வெட்டிக் காட்டுகிற கிளப் என்றால் மரத்தைவிட மேடைமேல் ஆசை அதிகம் என்று புரிந்துகொள்ளலாம்.

சேருவதற்கு முன் ஒரு கூட்டத்துக்கு விருந்தினராகப் போய் இரண்டைப் பாருங்கள். மூத்தவர்களின் மரங்கள் எத்தனை ஆண்டாக அதே கையில் இருக்கின்றன என்று கேளுங்கள். ஆண்டுதோறும் புது மரமே வந்தால் பழையவை எங்கே போயின என்ற கேள்வி வரும். செத்த மரங்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார்களா என்றும் கவனியுங்கள். இதைச் சோதிக்க எளிய வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆலை வீட்டிலேயே அசையாமல் விட்டுவிட்டு, அந்தப் பழுப்பு ஜூனிபரைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போங்கள். யாராவது அதைக் கவிழ்த்து, வேர்க்கட்டியை நடுவில் பிளந்து, எந்த வேர் கறுத்திருக்கிறது, எது உலர்ந்திருக்கிறது, நடுவில் களிமண் உருண்டை இருக்கிறதா என்று காட்டிச் சொன்னால் அன்றைக்கே சந்தாவைக் கட்டிவிடுங்கள்.